ஆமை கிரிவலம் வந்த சுவர்

சென்னையிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கி, செங்கம் ரோட்டில் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். சித்திரை மாதம். காலை எட்டு மணிக்கே வெயில் ஏறியிருந்தது. அண்ணனின் லாட்ஜ் வரும் வளைவில் வழக்கம்போலத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். சுவர் இருந்தது. அறுபது அடி நீளத்துக்கும் ஒரே சீராகச் சந்தன நிறத்தில் இருந்தது. நடுவில் சிவப்பு எழுத்தில் லாட்ஜின் பெயர், ஏ.சி., நான்-ஏ.சி., வெந்நீர் வசதி உண்டு, போன் நம்பர். நான்கு நாட்களுக்கு முன் நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது அந்த இடத்தில் ஒரு ஆமை நடந்துகொண்டிருந்தது. ஆட்டோவை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆட்டோக்காரரே இரண்டு கடை தள்ளி நிறுத்தி, "எறங்கலியாம்மா?" என்று கேட்டார். புதுப் பெயின்ட்டின் வாசனை அங்கே வரைக்கும் வந்தது. இத்தனை வருஷமாக அந்த வாசனையில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

கோபம் ஆறிய பிறகு எழுது என்று ஒரு தோழி சொன்னாள். ஒன்றே முக்கால் வருஷம் காத்திருந்து பார்த்தேன். ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன்.

அப்பா பஸ் கண்டக்டர். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டே அறை கொண்ட வாடகை வீடு. நான் மூன்றாவது படிக்கும்போது அண்ணன் எட்டாவது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாலரை மணிக்கு டிவியில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் வரும். தமிழில் பேசுவார்கள். அதற்கு ஏதோ ஒரு பெயர் உண்டு, ஆனால் எங்கள் வீட்டில் அது எப்போதும் 'ஆமைப் படம்'தான். ஒரு பெரிய ஆமை, அதன் முதுகில் ஒரு சின்ன ஊர். ஓட்டு வீடுகள், படிக்கட்டுகள், ஒரு கடைத்தெரு, நூறு நூற்றைம்பது ஜனங்கள். ஆமைக்குக் கண் தெரியாது. ஒரு பெண் பிள்ளை அதன் நெற்றியில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே போவாள். குழி இருக்கிறது, கொஞ்சம் இடப்பக்கம் போ, இங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள். முதுகின் மேல் இருக்கிற ஜனங்களுக்கு அப்படி ஒருத்தி இருப்பதே பாதி நேரம் ஞாபகம் இருக்காது. அவர்கள் பாட்டுக்குச் சண்டை போடுவார்கள், கல்யாணம் பண்ணுவார்கள், மீன் விலையைப் பற்றிக் கத்துவார்கள். அவள் வழி சொல்லிக்கொண்டே இருப்பாள்.

என்னைப் பிடித்துக்கொண்டது கதைகூட இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் படத்தில் நடுநடுவே ஒன்றுமே நடக்காது. மழை பெய்யும். கொடியில் ஒரு சட்டை நனையும். கெட்டிலிலிருந்து ஆவி வரும். ஒரு பூனை படிக்கட்டில் ஏறி, ஏறின காரியம் மறந்துபோய் நிற்கும். எட்டு வயதில் நான் அதுவரை பார்த்த படங்கள் எல்லாவற்றிலும் யாராவது ஓடிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருந்தார்கள். நனைகிற ஒரு சட்டையை இவ்வளவு நேரம் காட்டலாம் என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சி. எங்கள் சந்திலும் கொடி கட்டியிருந்தது. அப்பாவின் காக்கிச் சட்டை அதில் தினமும் தொங்கியது. மறுநாள் காலை நான் முதல் தடவையாக அதைப் பார்த்தேன். காலர் பக்கம் ஈரம் கடைசியாகத்தான் காய்கிறது என்பதைப் பார்த்தேன். அந்தச் சட்டையைத்தான் முதலில் வரைந்தேன்.

ஆமையையும் ஊரையும் வரைய வேண்டும் என்று ஆசை வந்தபோது ஒரு சிக்கல் இருந்தது. டிவியில் படம் நிற்காது. நான் கதவை வரைவதற்குள் ஜன்னல் போய்விடும். அழுதேன். அண்ணன்தான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். "நீ லெஃப்ட் சைடு மட்டும் பாரு. நான் ரைட்டு பாக்கறேன். முடிஞ்சதும் சேத்து வரையலாம்" என்றான். டிவித் திரையின் நடுவில் அம்மாவின் தையல் நூலை ஒட்டினான். அரை மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் கண்ணை நகர்த்தாமல் உட்கார்ந்திருப்போம். படம் முடிந்ததும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, அப்பா டிப்போவிலிருந்து கொண்டுவரும் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் வரைவோம். நடுவில் கோடு சேராது. என் பக்கத்துக் கூரை மேலே நிற்கும், அவன் பக்கத்துக் கூரை கீழே இறங்கியிருக்கும். அதற்காகச் சண்டை போடுவோம். அவன் கை என்னுடையதைவிட நல்ல கை. இதை நான் பொய் அடக்கத்துக்குச் சொல்லவில்லை. ஆமையின் கழுத்துச் சுருக்கங்களை அவன் போடுவதுபோல எனக்கு இன்றைக்கும் வராது.

இன்னொரு நாள். படம் முடிந்து பெயர்கள் ஓடின, எல்லாம் ஜப்பான் எழுத்து. பாதியில் சோப்பு விளம்பரம் வந்து வெட்டிவிட்டது. "அது என்னண்ணா, பூச்சி பூச்சியா ஓடுச்சே?" என்று கேட்டேன். "பேருங்க. இத வரைஞ்சவங்க பேரு" என்றான். வரைந்தார்களா! அதுவரைக்கும் ஆமை எங்கேயோ நிஜமாக நடக்கிறது, யாரோ படம் பிடித்து அனுப்புகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த நனைந்த சட்டையை ஒரு ஆள் உட்கார்ந்து வரைந்திருக்கிறார், அதுவே அவருக்கு வேலை, அதற்கு அவர் பெயரைப் போடுகிறார்கள். எனக்கு அன்றைக்கே வேலை முடிவாகிவிட்டது. இதை என்னிடம் சொன்னவன் அண்ணன் என்பதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. என் கோபத்தின் அடியில் இருக்கிற பாறை அதுதான்.

அண்ணன் பத்தாவதோடு வரைவதை விட்டான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தானாகவே விட்டான். பிறகு டிப்ளமா, ஒரு டிராவல்ஸில் வேலை, சொந்த வேன், அப்புறம் லாட்ஜ். நான் பிளஸ் டூ முடித்துச் சென்னைக்குப் போய் ஓவியம் படிக்கிறேன் என்றபோது அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அப்போது அவரிடம் பேசியவன் அண்ணன்தான். "அவ வரையட்டும்பா. நம்ம வூட்ல ஒருத்தராவது வரையட்டும்" என்றான். அந்த 'ஒருத்தராவது' எனக்குப் பல வருஷம் காதில் இருந்தது. படித்து முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் பின்னணி வரைந்தேன். காடு, கோட்டை, பாழடைந்த பாலம். பிறகு குழந்தைகள் புத்தகங்கள். அப்பா போன பிறகு அம்மாவுக்குத் துணையாக ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். நான் எதை வரைந்தாலும் ஓரத்தில் ஒரு கொடிக்கயிறு வந்துவிடும். பதிப்பகத்தில் இருந்த ஒருவர், "இதென்ன, உங்க கையெழுத்தா?" என்று கேட்டிருக்கிறார்.

லாட்ஜின் முன்பக்கச் சுவரில் வரைந்து கொடு என்று அண்ணனே கேட்டான். "என்ன வரையட்டும்?" என்றேன். "உனக்குத் தெரியாதா?" என்று சிரித்தான். மாசி கடைசியில் ஆரம்பித்தேன். சாரம் கட்டி, ப்ரைமர் அடித்து, சாக்பீஸ் தடவிய நூலால் கட்டம் போட்டு, தினமும் விடிந்ததிலிருந்து பத்து மணிவரை வரைந்தேன். அதற்குமேல் சுவர் கொதிக்கும். ஆமையின் முதுகில் எங்கள் ஊர். பஸ் ஸ்டாண்டு, பூ மார்க்கெட், தையல் மிஷினில் அம்மா, காக்கிச் சட்டை தொங்கும் கொடி, லாட்ஜின் மொட்டை மாடியில் போன் பேசிக்கொண்டு நிற்கிற அண்ணன். நெற்றியில் முனிசிபல் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். மலையை நான் ஆமையின் மேல் வைக்கவில்லை. மலை அதன் இடத்தில், வலது பக்கம், வானத்தோடு சேர்ந்து நின்றது. ஊரைச் சுமந்துகொண்டு ஆமை மலையைச் சுற்றி வந்தது. கிரிவலம் வந்தது, அவ்வளவுதான்.

பௌர்ணமிக்கு நடக்கிற ஜனங்கள் நின்று பார்த்தார்கள். அடி அண்ணாமலையிலிருந்து கூடையில் வெள்ளரிக்காய் கொண்டுவந்து விற்கிற ஒரு அம்மா, "ஊரே கீது, எங்கூரு எங்கம்மா?" என்று சண்டைக்கு வந்தாள். ஆமையின் வால் பக்கம் அடி அண்ணாமலையைப் போட்டு, அவளையும் கூடையோடு உட்கார வைத்தேன். அவள் மறுநாள் மருமகளைக் கூட்டிவந்து காட்டினாள். நாற்பத்தோரு நாள் வேலை. முடிந்த அன்று அண்ணன் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தான். கண் நனைந்திருந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பதிப்பக வேலையாகச் சென்னைக்குப் போய் நான்காம் நாள் திரும்பியதைத்தான் முதலில் சொன்னேன்.

ரிசப்ஷனில் அண்ணன் சாவிகளை மாட்டிக்கொண்டிருந்தான். "வந்துட்டியா. டீ சொல்லட்டா?" என்றான்.

"என்னண்ணா பண்ணி வச்சிருக்க?"

"கத்தாத. கெஸ்டுங்க இருக்காங்க."

வெளியூரிலிருந்து மாதாமாதம் ஐந்தாறு வேனில் பக்தர்களைக் கூட்டிவருகிற ஒரு குரூப் லீடர், வேனிலிருந்து இறங்கும்போதே, "என்ன சார், மலையத் தூக்கி ஆமை மேல வச்சிருக்கீங்க? எங்க ஆளுங்க சங்கடப்படுவாங்க" என்று சொன்னாராம். ஒரே ஒரு ஆள். ஒரே ஒரு வாக்கியம். அதுவும் தப்பான வாக்கியம். மலை ஆமை மேல் இல்லையே என்று காட்ட அண்ணனுக்கு அரை நிமிஷம் போதும். கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இதோ பாருங்க என்று காட்டியிருக்கலாம். மூன்று வாரம் அந்த வழியாக நடந்த அத்தனை ஆயிரம் ஜனங்களில் ஒருவர் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. அது எதுவும் அவனுக்கு நினைவு வரவில்லை. ஊரில் நாளைக்கு யாராவது ஏதாவது பேசிவிட்டால் என்ன ஆகும் என்கிற பயம் மட்டும் வந்தது. எனக்கு ஒரு போன் போடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"யாரு அடிச்சது?" என்று கேட்டேன்.

"பெயின்டருங்க வந்து அடிச்சிட்டுப் போனாங்க. விடேன், செவுருதான. பின்னாடி செவுரு காலியாத்தான் கெடக்கு. அங்க வரைஞ்சிக்கோ."

பின்பக்கச் சுவர் ஜெனரேட்டர் ரூமுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் இருக்கிறது. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒன்றும் தெரியாத ஆள் ஒருவர் அதை அழித்திருந்தால், ரசனை இல்லாத ஜென்மம் என்று திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். அண்ணனை அப்படித் திட்ட எனக்கு வழியே இல்லை. அந்தச் சுவரில் எந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று உலகத்திலேயே தெரிந்த இன்னொரு ஆள் அவன் ஒருவன்தான்.

இதுவரைக்கும் நடந்ததைக்கூட நான் ஒருவேளை விழுங்கியிருப்பேன். ஆவணியில் கீழ்பென்னாத்தூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் என் ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அத்தை. அத்தை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "ஏண்டி, அவ்ளோ கஷ்டப்பட்டு வரைஞ்சியாமே, சரியா வரலன்னு நீயே அழிச்சிடச் சொல்லிட்டியாமே? உங்கண்ணன் சொன்னான். கைவேலன்னா அப்படித்தான், நாலு தடவ அழிச்சாத்தான் வரும்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர் வரிசையில் அண்ணன் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாளியோடு அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டான். அதை நான் நன்றாகப் பார்த்தேன்.

சரியா வரல. முப்பத்து நான்கு வயதில், எட்டு வயதிலிருந்து வரைந்து பழகிய கையோடு, நான் செய்த காரியங்களில் சரியாக வந்தது அது ஒன்றுதான். சுவரை அழித்தவன், அதை அழித்த கை என்னுடையது என்று என் தலையிலேயே எழுதிவிட்டான். அன்றைக்குப் பந்தியில் எழுந்து நின்று சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கல்யாண வீடு, மாப்பிள்ளை வீட்டார் இருக்கிறார்கள், நாலு பேர் என்ன நினைப்பார்கள். அண்ணனைப் பிடித்த அதே பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. அதற்காக என்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் தனிக் கணக்கு. அடுத்த வாரமே அடி அண்ணாமலையில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியே வந்துவிட்டேன். அம்மாவிடம் வேலைக்கு வசதி என்று சொன்னேன். ஊருக்குள் போக வேண்டுமானால் செங்கம் ரோடு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

போன புரட்டாசியில் ஒரு மத்தியானம் அண்ணன் என் அறைக்கு வந்தான். அவனைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முன்தலையில் முடி கொட்டியிருந்தது. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான். அழிப்பதற்கு முன்னால் சுவரைப் படம் பிடித்த யாரோ போனில் போட்டிருக்கிறார்கள், அது எங்கெங்கோ சுற்றுகிறது, வருகிறவர்கள் 'ஆமை லாட்ஜ் எது' என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள், வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போகிறார்கள் என்றான்.

"திரும்ப வரைஞ்சி குடு பாப்பா. அதே மாதிரி."

"குரூப் லீடர் சங்கடப்படுவாரே."

"குத்திக் காட்டாத. அவரே இப்ப போட்டோவக் காட்டிக் கேக்கறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அவனை ஏதோ செய்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, நான் கேட்காமலே ஒன்றைச் சொன்னான். "பெயின்டருங்க அடிக்கல. வரச் சொல்லியிருந்தேன். பெரியவரு ஒருத்தரு பாத்துட்டு, சார், இத நெஜமாவே அடிச்சிடணுமான்னு கேட்டாரு. அவங்கள அனுப்பிட்டேன். நான்தான் ரோலர் புடிச்சேன். வேற ஆளு கை அது மேல படறது எனக்குப் புடிக்கல."

அதைக் கேட்டு நான் உருகிப்போவேன் என்று அவன் நினைத்திருக்கலாம். எனக்குக் காது சூடேறியது. அறுபது அடி. ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு ஜன்னலாக, அம்மாவின் மேலே, அப்பாவின் சட்டை மேலே, நிதானமாக, இரண்டு தடவை பெயின்ட் அடித்திருக்கிறான். ஒவ்வொரு இழுப்பிலும் நிறுத்த அவனுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது.

"நான் வரைய மாட்டேன்" என்றேன். "எப்பவும் மாட்டேன். ஆனா ஒண்ணு பண்ணு. நான் அழிக்கச் சொல்லல, நீதான் அழிச்சேன்னு அம்மாகிட்ட போயி சொல்லு. மொதல்ல அதச் சொல்லு."

"அதெல்லாம் எதுக்கு இப்ப கெளறிக்கிட்டு..."

"சொல்லு."

எழுந்தான். மேஜைமேல் பாதி முடிந்திருந்த படம் ஒன்றைப் பார்த்தான். தொடப் போய்க் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

நான்காம் நாள் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியின் சுவரில் சாரத்தின்மேல் நின்று வரைந்துகொண்டிருந்தேன். தலைமையாசிரியை கூப்பிட்டுக் கொடுத்த வேலை. அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"உங்கண்ணன் வந்திருந்தான். சொன்னான். அழுதுட்டாண்டி, பாவம்."

பிரஷ்ஷை டப்பாவில் வைத்தேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் அம்மா. "நீ மெட்ராஸ் போயிருந்த அப்ப, இங்க வந்துதான் குளிச்சான். சட்டையெல்லாம் பெயின்ட்டு. மண்ணெண்ணெ ஊத்தி நான்தான தொவச்சேன்."

சாரத்தின் கம்பைப் பிடித்துக்கொண்டேன். "கல்யாணத்துல அத்த கேக்கும்போது நீ பக்கத்துலதானம்மா உக்காந்துட்டிருந்த? ஏன் சொல்லல?"

"சொல்லி? ஒரே ஊர்ல அண்ணனும் தங்கச்சியும் மொகம் பாக்காம கெடக்கறதுக்கா? செவுரு போனாப் போவுது, கூடப் பொறந்தவன் போவக் கூடாதுன்னு நெனச்சேன்."

அந்தப் பந்தியில் அம்மா என் இலையில் இரண்டாம் முறை பாயசம் போடச் சொன்னாள். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, எனக்குப் பாயசம் போடச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"நான் வரைஞ்சது சரியாத்தாம்மா வந்துச்சு" என்றேன். "அத நீ அத்தகிட்ட சொல்லு. அவங்க காதுல உன் வாயால விழணும். அப்பறம் நான் வீட்டுக்கு வரேன்."

"சரி, சொல்றேன். நீ வேளைக்குச் சாப்புடு" என்று போனை வைத்தாள்.

நான்கு மாதம் ஆகிறது. அம்மா இன்னும் சொல்லவில்லை. நானும் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.